கைநாட்டும் காலிக் குடமும்: திருவொற்றியூருக்கு அரசு வைத்திருக்கும் நிலுவை

1978ஆம் ஆண்டில் இரண்டு தொடக்கங்கள் நிகழ்ந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் செயல்படத் தொடங்கியது. மக்கள் வழக்கில் அதன் பெயர் ‘மெட்ரோ வாட்டர்’. அக்டோபர் 2ஆம் நாள் ஒன்றிய அரசு தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டத்தைத் தொடங்கிவைத்தது. 15 முதல் 35 வயது வரையிலான பத்துக் கோடிப் பேரை ஐந்தே ஆண்டுகளில் எழுத்தறிவு பெறச் செய்வது அதன் இலக்கு. ஒன்று தண்ணீருக்கான கோப்பு, மற்றொன்று எழுத்துக்கான கோப்பு. இரண்டும் இரு வேறு துறைகளின் அலமாரிகளுக்குச் சென்றன. அவை ஒரே மேசையில் விரித்துப் பார்க்கப்படவே இல்லை.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. 2011இல் திருவொற்றியூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டு முதலாம் மண்டலமாயிற்று. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தது. வீட்டுக் குழாய் எட்டாத குறுக்குத் தெருக்களிலோ இன்றும் மெட்ரோ வாட்டர் என்றால் லாரிதான், தெருமுனைத் தொட்டிதான். அத்தொட்டியடியில் குடத்தோடு நிற்கும் மூத்த பெண்களுள் பலர், வாராந்தரக் குழுக்கடன் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பிறரைக் கேட்டுத் தெரிந்துகொள்பவர்கள்.

தூய குடிநீரும் வயது வந்தோர் எழுத்தறிவும் தனித்தனி நலத்திட்டங்கள் என்றே நமக்குச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. அவ்விரண்டையும் சாதி சேர்த்தே மறுத்தது. வறுமை அவ்விரண்டின் வழியாகவும் சேர்த்தே வசூலிக்கிறது. ஆகவே சேர்த்தே உரிமையாகக் கோரப்பட வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு குடத்தின் கணக்கு

ஏழைகள் குறைவாகச் செலவழிக்கிறார்கள் என்பது பரவலான நம்பிக்கை. குடிநீரைப் பொறுத்தவரை அது பொய். 20 லிட்டர் கேன் ஒன்று 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஒரு கேன் வாங்கும் குடும்பம் மாதம் 900 ரூபாய் செலவிடுகிறது. குழாய் இணைப்புள்ள வீடு வாரியத்துக்குச் செலுத்தும் மாதக் கட்டணம் இதில் ஒரு சிறு பகுதியே. அதாவது குழாய் இல்லாதவர், குழாய் உள்ளவரைவிடப் பன்மடங்கு கூடுதலாகத் தண்ணீருக்குக் கொடுக்கிறார்.

இது பணக்கணக்கு மட்டும். நேரக்கணக்கு வேறு. லாரிக்காகவோ அடிபம்பு வரிசையிலோ ஒரு பெண் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் செலவிட்டால், ஆண்டுக்கு 365 மணி நேரம். பிரேசிலின் அங்கிகோஸ் என்னும் சிற்றூரில் 1963இல் பாவ்லோ ஃப்ரெய்ரே ஏறத்தாழ 300 தொழிலாளர்களுக்கு எழுத்தறிவு அளித்த புகழ்பெற்ற வகுப்புகள் சுமார் 40 மணி நேரமே நடைபெற்றன. ஒரு பெண் எழுதப் படிக்கக் கற்பதற்குத் தேவையான நேரத்தைப் போல ஒன்பது மடங்கைத் தண்ணீர் வரிசை ஆண்டுதோறும் விழுங்குகிறது. முதியோர் வகுப்புக்குப் பெண்கள் வருவதில்லை, அவர்களுக்கு ஆர்வமில்லை என்று குறைபட்டுக்கொள்ளும் அறிக்கைகள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

மூன்றாவது, நோயின் கணக்கு. கழிவுநீர் கலந்த குடிநீரால் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், தாய் இரண்டு நாள் வேலைக்குச் செல்ல இயலாது. தினக்கூலிக்கு மருத்துவ விடுப்பு கிடையாது. இரண்டு நாள் கூலி போனால் அந்த வாரத் தவணை தவறும். தவணையைக் கட்ட இன்னொரு கடன். அந்தக் கடன் பத்திரத்தில் வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு என்பது எழுதப்பட்டிருக்கிறது. கைநாட்டு வைப்பவருக்கு அது வாய்மொழியாக எவ்வாறு சொல்லப்படுகிறதோ அதுவே உண்மை. குடத்தில் தொடங்கிய இழப்பு கைநாட்டில் வந்து முடிகிறது. இச்சங்கிலியை அதன் தொடக்கத்தில் அறுப்பது தூய நீர். அதன் முடிவில் அறுப்பது எழுத்தறிவு. ஒன்றை மட்டும் கொடுத்தால் மறுமுனை அப்படியே இருக்கும்.

நீர் இருந்த நிலம்

வடசென்னைக்கு இயற்கையிலேயே நீர் வறட்சி என்று கருதுவது தவறு. ஆரணியாறு, கொசஸ்தலையாறு ஆகியவற்றின் வண்டல் நிலத்தடி இப்பகுதிக்கு வடக்கே பெரும் நீர்த்தேக்கமாக இருந்தது. மீஞ்சூர் சுற்றுவட்டாரக் கிணறுகளிலிருந்து பல பத்தாண்டுகளாக நீர் இறைக்கப்பட்டு மணலித் தொழிற்சாலைகளுக்கு வழங்கப்பட்டது. அளவுக்கு மீறி இறைத்ததன் விளைவாகக் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்தது. நன்னீர் ஆலைகளின் கொதிகலனுக்குப் போயிற்று. உப்பு மக்களின் அடிபம்புக்கு வந்தது.

அரசு இதற்குக் கண்ட தீர்வுகளும் இதே மண்ணில்தான் எழுந்தன. 2010 ஜூலையில் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. 2019இல் கொடுங்கையூரில் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து, நாளொன்றுக்கு நான்கரைக் கோடி லிட்டர் நீரை வடசென்னைத் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் நிலையம் செயல்பாட்டுக்கு வந்தது. இரண்டாவது முயற்சி உண்மையிலேயே பாராட்டத்தக்கது: தொழிற்சாலைக்குக் குடிநீர் தேவையில்லை என்பதை அரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. ஆனால், அவ்வாறு மிச்சமாகும் நன்னீர் எந்தத் தெருவுக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று கேட்கும் வலிமை தெருவிடம் இருக்க வேண்டும். ஆலையின் கொள்ளளவு திறப்பு விழாக் கல்வெட்டில் இருக்கும். தெருவின் பங்கு, கேட்டால்தான் வெளிவரும் கோப்பில் இருக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதை நாம் அறிவோம். நீர் மாசு கண்ணுக்குத் தெரிந்தால் செய்தியாகிறது. கண்ணுக்குத் தெரியாத மாசு அறிக்கைகளில் எண்களாக மட்டுமே இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கரைந்த திடப்பொருள்களின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம்; வேறு நீராதாரம் இல்லாதபோது 2,000 வரை அனுமதி. எஞ்சிய குளோரின் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பும் உலோகமும் போகா. இவ்வளவுதான் பாடம். ஒரு முதியோர் வகுப்பின் ஒரு வாரப் பாடத்தில் இது அடங்கிவிடும். இதைப் படித்த பத்துப் பேர் ஒரு தெருவில் இருந்தால், ‘தண்ணி நாறுது’ என்னும் வாய்ப்புகார், ‘எஞ்சிய குளோரின் இல்லை’ என்னும் எழுத்துப்பூர்வக் குற்றச்சாட்டாக மாறும். முதலாவதை அலுவலர் கேட்டுவிட்டு நகரலாம். இரண்டாவதற்குப் பதில் எழுதியாக வேண்டும்.

கிணறும் பள்ளியும்: மறுப்பின் வரலாறு

சாதி, தீண்டப்படாதோர் என்று ஒதுக்கியவர்களை எந்த இடங்களில் நிறுத்திவைத்தது என்று பட்டியலிட்டால் கிணறும் பள்ளியும் முன்வரிசையில் நிற்கும். 1923இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம், பொதுப்பணத்தில் பராமரிக்கப்படும் நீர்நிலைகளையும் பள்ளிகளையும் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட வேண்டும் என்றது. மகாடு நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறப்பதாகத் தீர்மானித்தது. ஆனால் 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து சென்று அந்நீரை அள்ளிப் பருகும்வரை தீர்மானம் காகிதமாகவே கிடந்தது. அதன் பிறகும் வழக்கு நடந்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு வந்தது 1937இல்.

சென்னை மாகாணத்திலும் இதுவே நிகழ்ந்தது. 1924இல் சட்டமன்றத்தில் ரெட்டமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம் ஆகியவற்றில் ஒடுக்கப்பட்டோருக்கு உரிமை உண்டென அறிவித்தது. அதே பத்தாண்டில் மாகாணத் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்களுக்கு மனைநிலம், கிணறு, பள்ளி ஆகியவற்றை ஏற்படுத்தித் தந்தது. அந்தப் பணியின் பயனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அதன் வழிமுறையைக் கவனிக்க வேண்டும். ஊர்க் கிணற்றைத் திறக்கச் செய்வதைவிடச் சேரியில் தனிக்கிணறு வெட்டுவது நிர்வாகத்துக்கு எளிதாக இருந்தது. உரிமை சலுகையாக உருமாறியது அங்கேதான். இன்று லாரி அனுப்புவதும், ஒரு தொட்டி வைப்பதும் அந்தத் தனிக்கிணற்று மரபின் தொடர்ச்சி என்றே நாம் கருதுகிறோம். லாரி அனுப்புபவர் அனுப்பாமலும் இருக்கலாம். குழாய் இணைப்பு அப்படியல்ல. அது பெயரோடும் எண்ணோடும் உள்ள கணக்கு.

புதுக்கோட்டை தரும் இரு பாடங்கள்

எழுத்தறிவு வறுமையைக் குறைக்குமா என்னும் கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே விடை உண்டு. 1991இல் ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் உள்ளிட்ட தன்னார்வலர்கள் மாலை வகுப்புகளை நடத்தினர். அந்த இயக்கத்தோடு இணைந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவுசெய்துள்ளார். மிதிவண்டியில் அவர்கள் சந்தைக்குப் போனார்கள். தண்ணீர்க் குடங்களையும் கொண்டுவந்தார்கள். நடையில் கரைந்த நேரம் மிச்சமாயிற்று. கல்குவாரிகளில் ஒப்பந்ததாரர்களிடம் கூலிக்கு உழைத்த பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள். எழுத்து, தண்ணீர், கூலி ஆகிய மூன்றும் ஒரே கயிற்றில் முறுக்கப்பட்டிருப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் எழுந்த சாராய எதிர்ப்புப் போராட்டமும் எழுத்தறிவு வகுப்பிலிருந்து புறப்பட்டதே.

இரண்டாம் பாடமும் புதுக்கோட்டையிலிருந்தே வருகிறது. 2022 டிசம்பர் 26 அன்று அம்மாவட்டத்தின் வேங்கைவயலில் தலித் மக்களுக்குக் குடிநீர் வழங்கிய மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது வெளிப்பட்டது. குழந்தைகள் நோயுற்று, மருத்துவர்கள் குடிநீரைச் சோதிக்கச் சொன்ன பிறகே உண்மை தெரிந்தது. 2025 ஜனவரியில், பாதிக்கப்பட்ட அதே சமூகத்தைச் சேர்ந்த மூவர்மீது காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதை வேங்கைவயல் மக்களும் பல கட்சிகளும் ஏற்க மறுத்தனர். அறிவொளி ஏற்றிய மாவட்டத்திலேயே இது நிகழ்ந்தது. எழுத்தறிவு சாதியைத் தானாகக் கரைத்துவிடாது. தொட்டி கட்டிவிட்டால் நீர் தானாகத் தூய்மையாகிவிடாது. ‘படிக்காததால்தான் இவர்கள் ஏழைகள்’ என்று பழியை மக்கள்மீது திருப்பும் வாதத்துக்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது. மறுக்கப்பட்டதால் படிக்காதவர்கள் என்பதே சரியான வாக்கிய அமைப்பு.

சட்டம் எங்கே நிற்கிறது?

தண்ணீரைப் பொறுத்தவரை சட்டம் சொல்லளவில் வலுவாகவே இருக்கிறது. அரசமைப்பின் 15(2) பிரிவு பொதுக்கிணறு, குளம் ஆகியவற்றில் சாதியின் பெயரால் தடை கூடாதென்கிறது. 1991இல் சுபாஷ் குமார் வழக்கில், மாசற்ற நீரும் காற்றும் 21ஆம் பிரிவின் வாழ்வுரிமையுள் அடங்கும் என்றது உச்ச நீதிமன்றம். 2010 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபை தூய குடிநீரை மனித உரிமையாக ஏற்றது. ‘பட்டா இல்லாத இடம், இணைப்புத் தர முடியாது’ என்னும் பதில் வடசென்னைக்குப் பழகியது. 2014 டிசம்பரில் பானி ஹக் சமிதி வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம், குடியிருப்பு அனுமதியற்றது என்பதற்காகக் குடிநீரை அடியோடு மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இங்குள்ள நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டத் தக்கது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினர் பயன்படுத்தும் நீராதாரத்தை மாசுபடுத்துவதைத் தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது.

வயது வந்தோர் எழுத்தறிவில் நிலைமை நேர்மாறானது. அங்கே உரிமையே இல்லை. அரசமைப்பின் 45ஆம் பிரிவு, நடைமுறைக்கு வந்த பத்தாண்டுகளுக்குள், அதாவது 1960க்குள், 14 வயது வரை அனைவருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்றது. அது நிறைவேறவில்லை. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்றது. அதன் பிறகு அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டது என்றும் சொன்னது. 21ஏ பிரிவின் கீழ் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 1980இல் பிறந்த ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டம் வந்தபோது அவருக்கு வயது 30. அரசமைப்பின் கெடு அவர் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. உரிமையோ அவர் பள்ளி வயதைக் கடந்த பின் வந்தது. இடையில் விழுந்தவர் அவர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு. பட்டியல் சாதியினரிடையே ஏறத்தாழ 73. அந்த இடைவெளியில் இருப்பவர்கள் திறனற்றவர்கள் அல்லர்; அரசு செலுத்தத் தவறிய கடனின் உரிமையாளர்கள். வயது வந்தோர் கல்வியைத் தொண்டு என்று அழைப்பதை நிறுத்தி, நிலுவை என்று அழைக்கத் தொடங்க வேண்டும்.

அந்த நிலுவைக்கு அரசு இப்போது ஒதுக்கும் தொகை என்ன? 2022 முதல் 2027 வரையிலான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் மொத்த மதிப்பீடு 1,037.90 கோடி ரூபாய். இலக்கு ஐந்து கோடிப் பேர். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சுமார் 208 ரூபாய். நாம் மேலே போட்ட கணக்கின்படி ஏழு தண்ணீர்க் கேன்களின் விலை. கற்பிப்பவர்களோ ஊதியமற்ற தன்னார்வலர்கள்.

செய்யக்கூடியவை

கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். பட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் பெயரோடு கூடிய குடிநீர்க் கணக்கு வேண்டும். ஒவ்வொரு தெருத் தொட்டியிலும் அதன் நீர்த்தரப் பரிசோதனை முடிவு பெரிய தமிழ் எழுத்தில், தேதியோடு ஒட்டப்பட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவே தகவலை மக்கள் மொழியில் தாமாக முன்வந்து வெளியிடச் சொல்கிறது. முதியோர் வகுப்புக்கு மாநகராட்சியும் தன் நிதியிலிருந்து பங்களித்து, கற்பிப்பவருக்கு ஊதியம் தர வேண்டும். தண்ணீர் வரும் நேரமும் வகுப்பு நேரமும் மோதாமல் வாரியமும் கல்வித்துறையும் கலந்து முடிவு செய்ய வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லாதவையும் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, எழுத இயலாத ஒருவர் வாய்மொழியாகக் கேட்டாலும் பொதுத் தகவல் அலுவலர் அதை எழுத்தில் வடித்துத் தர உதவியாக வேண்டும். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினரும் பெண்களும் இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். அதே சட்டத்தில் குடிநீர் வழங்கல் ‘பொதுப் பயன்பாட்டுச் சேவை’யாக வரையறுக்கப்பட்டிருக்கிறது, ஆகவே நிரந்தர மக்கள் நீதிமன்றத்தில் நீதிமன்றக் கட்டணமின்றி முறையிடலாம். சமரசம் எட்டாவிட்டால் தீர்ப்பளிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. வீதியில் மறியல் செய்து லாரியை வரவழைப்பது நமக்குத் தெரிந்த வழி. அது அன்றைய குடத்தை நிரப்பும். இந்த வழி மெதுவானது. ஆனால் பதிவில் நிற்கும்.

கல்லூரி மாணவர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். முதியோர் வகுப்பு எடுக்கப் போகும்போது ‘அணில், ஆடு’ என்று தொடங்காதீர்கள். தன் வாழ்வின் சொற்களிலிருந்தே ஒருவர் எழுத்தைக் கற்க வேண்டும் என்பதே ஃப்ரெய்ரே காட்டிய வழி. குடம், லாரி, குழாய், ரசீது, தவணை, வட்டி: திருவொற்றியூருக்கு இவையே முதல் பாடம். இரண்டாம் பாடம், தெருத் தொட்டியின் மாதிரியைச் சோதிக்கக் கேட்டு எழுதும் ஒரு மனு. மூன்றாம் பாடம், அம்மனுவுக்கு வந்த பதிலைப் படிப்பது. பதில் வராவிட்டால், 30 நாள் கெடு என்று முடிந்தது எனத் தேதி எண்ணிப் பார்ப்பது. சென்னையில் 2022 முதல் வார்டுதோறும் பகுதி சபைகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. அடுத்த கூட்டம் எப்போது என்று உங்கள் மாமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். அந்தக் கூட்டத்தில் மாணவர் எழுந்து பேசுவதைவிட, வகுப்பில் படித்த பெண் தன் தெருவின் மனுவைத் தானே வாசித்து, தானே கையொப்பமிட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். அதற்கான தயாரிப்பை இந்த வாரமே தொடங்கலாம்.